பெலியகட்டா ஜன்னல்

வெளியூரிலிருந்து ஒரு மாநகரத்திற்குக் குடிவருபவன் அதன் சரித்திரத்தை முதலில் தெருப்பெயர்களிலிருந்துதான் கற்கிறான். சில வேளைகளில் தவறாகவும் கற்கிறான். 1976ஆம் ஆண்டு வங்கி உத்தியோகத்தின் பொருட்டு நான் கல்கத்தாவுக்கு வந்து, எண்டாலிப் பகுதியில் ஒரு வங்காளியர் வீட்டின் மாடியில் குடியமர்ந்தேன். வந்த சில வாரங்களில் ஒரு மாலை பார்க் சர்க்கஸ் பக்கம் உலாவச் சென்றபோது, ‘சுஹ்ரவர்தி அவென்யூ’ என்ற பலகையைக் கண்டு திடுக்கிட்டு நின்றேன். 1946ஆம் ஆண்டின் கல்கத்தாப் படுகொலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் தந்தையார் கசப்போடு உச்சரித்த பெயர் அது. தன்னைக் கொல்லக் கொடுத்தவன் பெயரையே ஒரு நகரம் வீதிக்குச் சூட்டுமா என்று வியந்தேன்.

வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். அவரை நான் ‘மேசோமஷாய்’ என்றுதான் அழைப்பது வழக்கம். சித்தப்பா முறைமைக்கு ஒப்பான வங்காளச் சொல். அவர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமலே விடை சொன்னார்: “அது வேறு சுஹ்ரவர்தி. ஹஸன் சுஹ்ரவர்தி. வைத்தியர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். நீ சொல்கிறவனுக்குத் தாய்மாமன் முறை.” அத்துடன் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிரவு அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் மாசிமா, என்னைத் தனியே அழைத்து, “அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்காதே, அப்பா. இவருடைய அண்ணன் 1946 ஆகஸ்டு பதினேழாம் தேதி அச்சகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை” என்றார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பெயர் என்னை விடவில்லை. வீட்டில் பேச முடியாத ஒன்றை நூலகத்தில் தேடினேன். தேடத் தேட, என் தந்தையார் சொல்லிச் சென்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத ஒரு மனிதர் எழுந்து வந்தார்.

ஹுசேன் ஷஹீத் சுஹ்ரவர்தி 1892இல் மிதுனபுரியில் கல்வியும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று பாரிஸ்டராகத் திரும்பியவர். 1924இல் சித்தரஞ்சன தாஸ் கல்கத்தாவின் மேயரானபோது துணைமேயராக அவருடன் அமர்ந்தவர் இவரே. இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகத் தாஸ் எடுத்த முயற்சியின் நிழலில் அரசியலைத் தொடங்கியவர், பின்னர் முஸ்லிம் லீகின் தூணாக வளர்ந்தார். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது வங்காளத்தின் உணவுப் பொருள் வழங்கலுக்குப் பொறுப்பான அமைச்சர் அவர். பஞ்ச விசாரணைக் குழு மாண்டவர் தொகையைப் பதினைந்து லட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் முப்பது லட்சம் வரை செல்வர். அந்தப் பெருங்கேட்டுக்கு யுத்தமும், வெள்ளை அரசாங்கத்தின் அசட்டையும், பதுக்கல்காரரின் பேராசையும் காரணங்களே. ஆயினும் தட்டுப்பாடு இல்லையென்று தொடக்கத்தில் அவர் கூறிவந்த சமாதானங்களைப் பஞ்சம் கண்ட தலைமுறை மறக்கவில்லை.

1946 ஏப்ரலில் அவர் மாகாணத்தின் பிரதமரானார். அந்நாளில் முதலமைச்சர்களை அவ்வாறே அழைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் தேதியை லீக் ‘நேரடி நடவடிக்கை நாள்’ என்று அறிவித்தபோது, அவருடைய அரசாங்கம் அன்று பொது விடுமுறை விட்டது. மைதானத்தில் ஆக்டர்லோனி ஸ்தூபியின் அடியில் பெருங்கூட்டம் கூடிற்று, அவர் பேசினார். அவர் அங்குச் சொன்ன சொற்கள் யாவை என்பதில் இன்றளவும் தகராறு உண்டு. கூட்டம் கலைந்தபின் நடந்ததில் தகராறு இல்லை. காலையிலேயே ஆங்காங்கு மூண்டிருந்த கலவரம் நகரமெங்கும் பரவி, நான்கு நாட்கள் வெறியாடிற்று. குறைந்தது 4,000 பேர் மாண்டனர். இன்னும் மிகுதி என்பாரும் உளர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். இரு சமயத்தாரும் கொன்றனர். இரு சமயத்தாரும் மடிந்தனர். லால்பஜார் போலீஸ் தலைமையகத்தின் கட்டுப்பாட்டு அறையில் அந்நாட்களில் நெடுநேரம் அமர்ந்திருந்தார் மாகாணப் பிரதமர். அடக்குவதற்காக அமர்ந்தார் என்றனர் அவர் நண்பர்கள். போலீசாரின் கையைக் கட்டுவதற்காக என்றனர் எதிரிகள். தலைமை நீதிபதி பேட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. ஆனால் நாடு பிரிந்த அமளியில் அது தீர்ப்பேதும் எழுதாமலே கலைந்தது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்றதில்லை. குற்றமற்றவர் என்று விடுவித்ததுமில்லை.

இவ்வளவும் படித்த நான் என் தந்தையாரின் தீர்ப்பிலேயே நின்றிருப்பேன். அடுத்த ஆண்டின் ஆகஸ்டு மாதத்தைப் படித்திராவிட்டால்.

1947 ஆகஸ்டு 9ஆம் தேதி காந்தியடிகள் நவகாளிக்குச் செல்லும் வழியில் கல்கத்தா வந்து, சோத்பூரில் தங்கினார். இப்போது நிலைமை தலைகீழ். லீக் ஆட்சி விடைபெற்றுக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டின் பழியைத் தீர்க்க இந்து இளைஞர் துடித்தனர். நகரத்து முஸ்லிம்கள் நடுங்கினர். ‘எங்களைக் காத்துவிட்டுப் போங்கள்’ என்று முஸ்லிம் தலைவர்கள் அடிகளிடம் மன்றாடினர். கராச்சியிலிருந்து திரும்பிய சுஹ்ரவர்தியும் வந்து அதையே கேட்டார். காந்தியடிகள் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை விதித்தார். இருவரும் ஒரே கூரையின் கீழ், போலீஸ் காவலோ ராணுவக் காவலோ இன்றி, அமைதி திரும்பும்வரை வாழ வேண்டும். உடனே விடை சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் மகளோடு கலந்துகொண்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். மறுநாள் சம்மதம் வந்தது.

அவர்கள் தேர்ந்த இடம் பெலியகட்டாவில் ஹைதரி மன்ஸில் என்னும் பாழடைந்த வீடு. முஸ்லிம் மூதாட்டி ஒருவருக்குச் சொந்தமானது. சுற்றிலும் கோபம் கொதிக்கும் பேட்டை. பட்டுச் சட்டைக்கும் இரவு விருந்துக்கும் பேர்போன ஒருவர் அங்கே தரையில் படுக்க வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 13ஆம் தேதி அவர்கள் வந்ததுமே இளைஞர் கூட்டம் சூழ்ந்தது, கற்கள் பறந்தன, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ‘சென்ற ஆண்டு எங்களுக்கு ஆபத்து வந்தபோது எங்கே போனீர்கள்? இன்று முஸ்லிம்களுக்காக ஓடிவருகிறீர்களே’ என்பது அவர்கள் அடிகளிடம் கேட்ட கேள்வி. அது நியாயமற்ற கேள்வி என்று என்னால் சொல்ல இயலவில்லை.

மறுநாள் மாலை, சுதந்திரத்துக்குச் சில மணி நேரமே இருக்கையில், கூட்டம் மீண்டும் சேர்ந்து சுஹ்ரவர்தியை வெளியே வரச்சொல்லிக் கூச்சலிட்டது. காந்தியடிகள் ஜன்னலைத் திறந்து, அவரைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து ஒருவன், கல்கத்தாப் படுகொலைக்கு நீர்தானே பொறுப்பு என்று கேட்டான். நாம் எல்லாருமே பொறுப்பு என்று தொடங்கினார் அவர். அது வக்கீலின் விடை. கேட்டவன் விடவில்லை, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும்படி வற்புறுத்தினான். அப்போது, ஆம், அது என் பொறுப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார் சுஹ்ரவர்தி. கூட்டத்தின் சினம் அந்தக் கணத்தில் தணிந்தது என்று உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நகரத்தின் போக்கே அந்த ஒப்புதலில்தான் திரும்பிற்று என்று அடிகளும் கருதினார். மறுநாள் விடுதலைத் திருநாளில் இந்துக்களும் முஸ்லிம்களும் தழுவிக்கொண்டு வீதிகளில் சென்றதைக் கல்கத்தா கண்டது. பஞ்சாபில் 55,000 துருப்புகள் இருந்தும் கலவரம் ஓயவில்லை. இங்கோ தனி ஒருவர் படையாக நின்று காக்கிறார் என்று மவுண்ட்பேட்டன் அடிகளைப் பாராட்டி எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அந்தப் படையின் இரண்டாம் தளபதி என்று சுஹ்ரவர்தியையும் அதே கடிதம் பாராட்டியதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அந்த அமைதி இரண்டு வாரமே நின்றது. ஆகஸ்டு 31ஆம் தேதி இரவு ஒரு கும்பல் ஹைதரி மன்ஸிலுக்குள்ளேயே புகுந்தது. மறுநாள் நகரில் மீண்டும் இரத்தம் சிந்திற்று. காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக இருந்தவர் நம் ராஜாஜி. அன்றிரவே ஓடோடி வந்து, காலிகளை எதிர்த்து ஒருவர் உண்ணாவிரதம் இருக்கத் தகுமோ என்று வாதாடினார். காலிகளுக்குப் பின்னால் நிற்கும் நல்லவர்களின் நெஞ்சைத் தொடவே தாம் முயல்வதாக அடிகள் விடையிறுத்தார். அமைதிக்காக வீதியில் இறங்கிய சச்சின் மித்ராவும் ஸ்மிருதீஷ் பானர்ஜியும் அந்நாட்களில் உயிர் கொடுத்தனர். இந்து மகாசபையினரும், லீகினரும், காங்கிரசாரும் சேர்ந்து எழுதிக்கொடுத்த உறுதிமொழியின் பேரில் செப்டம்பர் 4ஆம் தேதி இரவு விரதம் முடிந்தது. எலுமிச்சைச் சாற்றை அடிகளின் கையில் கொடுத்தவர் சுஹ்ரவர்தி. சுதந்திரத்தைக் காட்டிலும் இதுவே அடிகளின் அற்புதமான சாதனை என்ற கருத்தை ராஜாஜி வெளியிட்டார்.

இதைப் படித்த காலத்தில் எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வயதில் மனமாற்றக் கதைகள் மிக இனிக்கும். கொடியவன் ஒருவன் மகானின் நிழல்பட்டுத் திருந்தினான் என்று என் தந்தையாரின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, புதிய தீர்ப்பு ஒன்றை எழுதிக்கொண்டேன். எழுதியதோடு நில்லாமல், மாசிமாவின் எச்சரிக்கையையும் மறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசோமஷாயிடம் போய் அந்த ஜன்னல் காட்சியை ஆர்வத்தோடு விவரித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். இறுதியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “தெரியும். அவன் அதைக் கூட்டத்திடம் சொன்னான். என் அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை.”

என்னிடம் மறுமொழி இல்லை. அவமானத்தோடு மாடியேறினேன். அடுத்த பதினைந்து ஆண்டுகள் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு 1992 டிசம்பர் வந்தது. 6ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதும், கல்கத்தாவின் சில பகுதிகளிலும் கலவரம் மூண்டது, ஊரடங்கு பிறந்தது, ராணுவம் வந்தது. எங்கள் சந்தின் பின்புறம் புத்தகம் கட்டும் முஸ்லிம் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. முன்புறம் ஒரு கிளப். அந்தக் கிளப்பில் ஒரு ‘மஸ்தான்’, அதாவது பேட்டை ரவுடி. பூஜைச் சந்தாவை மிரட்டி வசூலிப்பவன். இரண்டாண்டுக்கு முன் அந்தப் புத்தகம் கட்டுபவர்களில் ஒரு முதியவரை நடுத்தெருவில் அறைந்தவனும் அவனே. சந்து இளைஞர்கள் அவன் ஒருவன் சொல்லுக்கே அடங்குவர். அன்று மாலை அவர்கள் கூடிக்கூடிப் பேசும் விதம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அமைதிக் குழு அமைப்பது பற்றி நாங்கள் படித்தவர்கள் ஆலோசித்துக்கொண்டிருக்கையில், அறுபத்தைந்து வயது மேசோமஷாய் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கிளப்புக்குப் போனார். திரும்பும்போது அவருடன் மஸ்தான் வந்தான். வங்காளிகள் ‘ரக்’ என்று வழங்கும் எங்கள் வாசல் திண்ணையில் அவனை உட்காரவைத்தார். பின் சந்துக்குச் சென்று, அறைபட்ட அந்த முதியவரையும் அழைத்துவந்து அவன் பக்கத்தில் அமர்த்தினார். “விடியும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கக் கூடாது. தேநீர் என் பொறுப்பு” என்றார். மாசிமா மூன்று இரவுகள் தேநீர் போட்டார்கள். அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், அடுத்தடுத்து அமர்ந்தே மூன்று இரவுகளையும் கழித்தனர். எங்கள் சந்தில் ஒரு கல்கூட விழவில்லை.

ஊர் அடங்கியபின், அடுத்த ஆண்டுப் பூஜைக்கு அந்த மஸ்தான் உரிமையோடு சந்தாப் புத்தகத்தை நீட்டினான். மேசோமஷாய் ஒரு காசும் தரவில்லை. “முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா” என்று கதவைச் சாத்தினார். “அன்று அவ்வளவு உதவினானே” என்றேன் நான். “அது வேறு கணக்கு” என்றார்.

அவ்விரண்டு சொற்களில்தான் எனக்குச் சற்று வெளிச்சம் பிறந்தது. ஒருவனுடைய நல்லியல்புகளையும் குற்றங்களையும் தனித்தனியே ஆராய்ந்து, எது மிகுதியோ அதைக் கொண்டு அவனை மதிக்கச் சொல்கிறார் வள்ளுவர். சுஹ்ரவர்தி விஷயத்தில் நான் பல்லாண்டுகள் இந்தத் தராசைத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் நான்காயிரம் பிணங்கள். மறுதட்டில் இருபத்தைந்து நாள் தவம். எந்த எடைக்கல்லும் பொருந்தவில்லை. ஆனால் அந்தக் குறள் நிற்பது ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில். அதற்கடுத்தது ‘தெரிந்து வினையாடல்’. ஒரு காரியத்திற்கு ஆளைத் தேர்வதும், தேர்ந்தவனை அக்காரியத்தில் ஏவுவதும் அங்கே பேசப்படும் பொருள். ஒரு மனிதனுக்கு இறுதித் தீர்ப்பு எழுதுவது அன்று. பெலியகட்டாவில் அடிகள் செய்ததும் அதுவே என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. சுஹ்ரவர்தி நல்லவர் என்று அவர் சான்றிதழ் வழங்கவில்லை. முஸ்லிம்கள் நம்பக்கூடியவரும், இந்துக்கள் மிகுதியாக வெறுத்தவருமான ஒருவரைக் கல் விழும் இடத்தில் தம்மோடு நிறுத்தினார். வேறு எந்தச் சான்றோரை அங்கு நிறுத்தியிருந்தாலும் அந்தக் கேள்வி எழுந்திராது. அந்த விடையும் பிறந்திராது.

அவரும் அதன்பின் மகானாகிவிடவில்லை. 1949இல் பாகிஸ்தான் சென்றார். 1956இல் அதன் பிரதமரானார். ஓராண்டுக்குச் சற்று மேல் பதவியிலிருந்து வீழ்ந்தார். 1963 டிசம்பரில் பெய்ரூட்டில் தனியே இறந்தார். டாக்காவில் ஷேக் முஜீப் 1971 மார்ச்சில் முழங்கிய குதிரைப் பந்தய மைதானம், அதே ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தான் சேனை சரணடைந்த மைதானம், பின்னர் தன் குருவின் பெயரால் சுஹ்ரவர்தி உத்யானம் ஆயிற்று. ஒரே மனிதர் எல்லைக்கு அப்பால் ஜனநாயகத்தின் ஆசான். இப்பால் படுகொலையின் மறுபெயர். இரண்டில் ஒன்றைப் பொய்யென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மேசோமஷாய் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2004இல், தாமாகவே ஒருநாள் என்னிடம், “பெலியகட்டாவுக்குப் போகலாமா?” என்று கேட்டார். ஹைதரி மன்ஸில் காந்தி பவன் என்று பெயர் மாறி நெடுநாளாகியிருந்தது. வாடகை வண்டியில் அழைத்துச் சென்றேன். உள்ளே வர மறுத்துவிட்டார். வெளியே நின்றபடி எந்த ஜன்னல் என்று கேட்டார். அதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“அவனைக் காந்தி திண்ணையில் உட்காரவைத்தார். அது சரி. என்னை மாலை போடச் சொல்லாதே” என்றார். வண்டியில் ஏறியபின், தம் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்: “அந்த நாலு நாளில் எங்கள் பேட்டையிலும் கத்தி எடுத்தவர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். எல்லாரும் மரியாதையாக வாழ்ந்து செத்தார்கள். அவர்களில் ஒருவன்கூட ஜன்னலுக்கு வரவில்லை.”

வண்டி எண்டாலிக்குத் திரும்பும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை. இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கத்தில், அந்தப் பெயரைச் சொல்லாமலே அவர் அந்த மனிதரைப் பற்றி மனம் விட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான்.